அப்பா ஓட்டிய பிரெஞ்சு சைக்கிள்

ஒரு வாரம் முழுக்க, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளின் இரண்டு பெடல்களையும் இணைக்கும் தண்டு ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. அந்தக் குழாயின் வலது பக்கத்தை ஓர் இரும்பு மூடி அடைத்திருக்கும். இந்த நாட்டில் நாங்கள் ஓட்டி வளர்ந்த சைக்கிள்கள் எல்லாம் இங்கிலீஷ் திருகு மரை கொண்டவை. அவற்றில் அந்த ஒரு மூடியை மட்டும் மற்ற திருகாணிகளுக்கு நேர்மாறாக, வலப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். பதினைந்து வயதில் கற்றதை நான் மறக்கவில்லை. ஆனால் என் முன்னால் கிடந்தது பிரெஞ்சு சைக்கிள். அதில் அந்த மூடியும் சாதாரணத் திருகாணி போல இடப்பக்கம்தான் கழலும். அது எனக்குத் தெரியவில்லை. எழுபத்து நான்கு வயதில், ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டின் முன்னால், ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயை மாட்டி என் எடையையெல்லாம் அதன் மேல் போட்டேன். துரு என்று நினைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். மறுநாளும் அதே பக்கம் திருப்பினேன்.

கடைசியில் அதைக் காரில் ஏற்றித் தெப்ராவுக்குக் கொண்டுபோனேன். அங்கே பழைய சைக்கிள்களைச் சீர்செய்யும் சீனர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். மூடியைத் தடவிப் பார்த்தார், நான் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று கேட்டார், கையால் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அங்கிள், நீங்க வாத்தியாரா இருந்தவர்தானே? ஒரு வாரமா தப்பான விடைக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

நானும் சிரித்தேன். நான் கணக்கு வாத்தியார். அந்த மாதத்தில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். சைக்கிள் யாருடையது என்று அவர் கேட்டார். தம்பியுடையது என்றேன். அப்படியென்றால் தம்பியே வந்து பார்க்கலாமே என்றார். அவன் சாஆவில் இருக்கிறான், தூரம் என்றேன். அவ்வளவு தூரமில்லை. காலையில் கிளம்பினால் பசியாறும் நேரம் தாண்டுவதற்குள் போய்விடலாம்.

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளில். சாஆவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அப்பா டிரஸர். சிறிய ஆஸ்பத்திரி, பத்துப் பதினைந்து கட்டில், அதற்கு அவர்தான் டாக்டர் மாதிரி. அந்தத் தோட்டத்து ஆலையில் இயந்திரங்களைப் பொருத்த ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து இரண்டு ஆண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளில் யொங் பெங் வரை போய் வருவார். என் தம்பிக்கு அப்போது பதினேழு வயது. ஆஸ்பத்திரியின் கனமான சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போவான். முதல் நாள் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரத்தில் அவரைத் தவறவிட்டானாம். ஆறு மாதத்தில் அந்த இரும்பு சைக்கிளிலேயே அவரைத் தொடர்ந்து போய்த் திரும்பினான். ஊருக்குத் திரும்பும்போது அவர் தன் சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நீல வண்ணம். வளைந்து கீழிறங்கும் ஹேண்டல். பத்து கியர். இரண்டு பெடல்களிலும் காலைப் பிடித்துக்கொள்ளும் தோல்வார். ஒரு விரலில் தூக்கலாம் என்று தம்பி எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவான்.

இரண்டு ஆண்டுகளில் அவனைத் தோற்கடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. பத்தொன்பது வயதில், மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஜோகூர் பாருவுக்கு வா என்று கடிதம் வந்தது. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். சாஆ கடைத்தெருவில் நடந்தால் என்னைப் பார்த்து, சைக்கிள்காரன் அண்ணன் போகிறான் என்பார்கள்.

இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆனது. பொறாமை என்று அப்போது நான் அதைச் சொல்லவில்லை. தம்பி பரீட்சையில் தவறியிருந்தான், மறுபடி எழுதவேண்டும், சைக்கிள் அவன் படிப்பைக் கெடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் அதை நம்ப முடிந்தது.

கடிதம் வந்த பிறகு, குழுத் தேர்வுக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று தம்பி சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போனான். மாமா துறைமுகத்தில் வேலை பார்த்தார். பகலில் அவருடன் மூட்டை தூக்கி, சாயங்காலம் ஓடி, இரண்டு மாதம் அங்கே இருப்பதாகத் திட்டம். சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்றான்.

அவன் போய் மூன்றாவது வாரம் நான் அதை சாஆ சைக்கிள் கடைக்கு எடுத்துப்போனேன். ஹேண்டலை மாற்றச் சொன்னேன். கியரைக் கழற்றச் சொன்னேன். கனமான சக்கரங்கள், மட்கார்டு, ஸ்டாண்டு, பின்னால் ஒரு பெரிய கேரியர். கடை முதலாளி தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். “சாயாங் லா” என்றார், வீணாகிறதே என்று. வீட்டில் சொன்னார்களா என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். புது ஹேண்டலின் தண்டு உள்ளே போகவில்லை. பிரெஞ்சுக் குழாய் மயிரிழை சிறியது. தவுக்கே, இது சேராது, விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு அரத்தைக் கீழே வைத்தார். அதை எடுத்து நான் தண்டை ராவினேன். அரை மணி நேரம் ராவி, சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினேன். கழற்றிய பாகங்களை எல்லாம் அவருடைய பழைய இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் நோயாளிகளைப் பார்க்க, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய் வருபவர் அவர். ஆஸ்பத்திரி சைக்கிள் உடைந்து கிடந்தது. இது என்ன என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. தம்பி உங்களுக்காகச் செய்யச் சொல்லிவிட்டுப் போனான், லயத்துக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று, என்றேன்.

அப்பா கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் மருந்துப் பெட்டியை டியூப் துண்டால் கேரியரில் கட்டிக்கொண்டு, அதில் ஏறிப் போனார்.

தம்பி தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திரும்பி வந்தான். சைக்கிளை அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தார். அவன் அதைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். யார் செய்தது என்றான். அப்பா கேட்டார் என்றேன். “அப்பாவுக்கு லயத்துக்குப் போக சைக்கிள் வேணுமாம். நான் என்ன சொல்ல முடியும்?”

இப்படி இரண்டு பேருக்கும் இரண்டு பொய். ஒரே ஒரு வார்த்தை அவர்களுக்குள் பேசியிருந்தால் அன்று சாயங்காலமே நான் மாட்டியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிடம் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை. தம்பிக்கு ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்வான், நான் அப்பாவிடம் சொல்வேன். அப்பா அவனுக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா கொண்டுவந்த முறை அது, மூத்தவன் வழியாகத்தான் எதுவும் போகவேண்டும். அதை மரியாதை என்று நினைத்தோம். என் பொய் அந்த வழியிலேயே பத்திரமாக இருந்தது.

தம்பி தேர்வுக்குப் போகவில்லை. அப்பாவோடு பேசுவதையும் நிறுத்தினான். பரீட்சையும் எழுதவில்லை. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தோட்டத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்து, சாஆவிலேயே தனி வீடு எடுத்தான். சைக்கிளில் அவன் ஏறி நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சைக்கிளில்தான் கடைத்தெருவுக்குப் போவார். சின்னவன் கொடுத்தது என்று கேட்பவர்களிடம் சொல்வார். தம்பி எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான்.

ஒரு முறை, நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது, அப்பா துணியால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சின்னவனிட்டச் சொல்லு, சைக்கிள் நல்லா ஓடுது எண்டு.” அவரால் சொல்ல முடிந்த நன்றி அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை ஆண்டு ஆனதோ. நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அப்பா இறந்து இருபத்தெட்டு ஆண்டு ஆகிறது. சாவு வீட்டுக்குத் தம்பி வந்தான். வாசல் கதவுக்கு வெளியே கூடாரத்தின் ஓரமாக நின்றான். தூக்கும் நேரத்தில் அவனைக் காணோம். ஊரில் எல்லாரும் அவனைப் பேசினார்கள். நானும் அங்கே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், தம்பிக்காக வெட்கப்படும் அண்ணனைப் போல. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, சைக்கிளை என்ன செய்வது என்று கேட்டேன். அதை என் கண்ணில் காட்டாதீர்கள் என்றான். நான் ஜோகூர் பாருவுக்குக் கொண்டுவந்து ஸ்டோர் அறையில் போட்டேன். அதற்கு முன்னால் பெட்டிகள், பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், உடைந்த மின்விசிறி என்று ஒவ்வொன்றாக வந்து மறைத்துக்கொண்டன.

என் மனைவி இறந்தது போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு. அவளிடமும் நான் இதைச் சொன்னதில்லை. மகள் பெர்த்தில் இருக்கிறாள். மகன் சிங்கப்பூரில். எல்லைப் பாலத்தில் நெரிசல் என்பதால் மாதம் ஒரு முறை வருகிறேன் என்றான், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. குறை சொல்லவில்லை, நெரிசல் இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் பகல் முழுக்க நான் பேசும் சத்தம் கேட்காது. சில நாள் சாயங்காலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்று முதல் தடவையாகச் சத்தம் வருகிறது என்று நினைப்பேன். அப்படி ஒரு நாள் ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்யப் போய்ச் சைக்கிளைப் பார்த்தேன்.

பழைய சைக்கிள்களை மீட்டெடுப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கவேண்டும். அதே காலத்தில் செய்த பாகங்கள், அதே திருகாணி, அதே பிரேக் கம்பி உறைகூட. எந்தப் பாகம் சரி என்று தெரியாமல் பழைய விற்பனைப் படங்களைத் தேடி அலைவார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பாகமும் கண்ணில் இருந்தது. கழற்றச் சொன்னவன் நான்.

ஹேண்டல் தண்டை வெளியே எடுக்கத் தெப்ராக் கடைக்காரருக்கு இரண்டு நாள் பிடித்தது. வெளியே வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எவனோ முட்டாள் அரத்தால் ராவியிருக்கிறான் என்றார். ஆமாம் என்றேன்.

கேரியரையும் அவர்தான் கழற்றினார். அதில் அப்பா கட்டிய டியூப் துண்டு கருங்கல் மாதிரி இறுகி, முடிச்சோடு இருந்தது. பெட்டி ஆடாமல் இருக்க அப்பா அடியில் ஒரு பலகையும் திருகியிருந்தார். வைத்துக்கொள்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் குற்றத்துக்கு இருந்த சாட்சியாகத்தான் அது என் கண்ணில் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் சேர்த்து வாசலில் வைத்தேன். பழைய சாமான் வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தபோது ஏற்றிவிட்டேன். மனம் லேசாக இருந்தது.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கியர் பெல்ஜியத்திலிருந்து, பிரேக் ஜப்பானில் ஒருவரிடமிருந்து. ஹேண்டலும் அதன் தண்டும் பிரான்சில் ஒரு வயதான அம்மாவிடமிருந்து. இறந்த கணவரின் சாமான்களை அவர் விற்றுக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதுவார். நான் அவருக்குக் காலையில் எழுதினால் மறுநாள் பதில் வந்திருக்கும். அந்த ஒரு மாதம் அந்தப் பதிலை வைத்துத்தான் எனக்கு நாள் நகர்ந்தது. யாருக்காகச் செய்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டார். நான் எழுதினேன்: என் தம்பிக்கு. இது அவனுடையது. எங்கள் அப்பா இதை வேலைக்குப் போகும் சைக்கிளாக மாற்றிவிட்டார்.

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தேன். நான் பார்த்தே இராத, பார்க்கவே போகாத ஒரு பெண்ணிடம், எந்தத் தேவையும் இல்லாமல், இறந்துபோன அப்பாவின் மேல் மறுபடியும் பழியைப் போட்டிருக்கிறேன். அவ்வளவு பழகிவிட்டது. அவர் பதில் எழுதினார்: உங்கள் அப்பாவுக்கு அது தேவைப்பட்டிருக்கும், தம்பி அவரை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. தம்பியிடம் போய்ச் சொல்வது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அதுவரை சைக்கிளைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தேன்.

வேலை முடிந்ததும் முன்கூட்டியே சொல்லாமல் சாஆவுக்குப் போனேன். சக்கரங்களைக் கழற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்திருந்தேன். தம்பிக்கு எழுபத்தொரு வயது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டாகிறது. வாசலில் உட்கார்ந்து செம்பனை மட்டைக் குச்சிகளைச் சீவி விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் என்னை அண்ணை என்பான். தோட்டத்து ஆட்களோடு இருந்து இருந்து அது அண்ணே ஆகிவிட்டது.

“என்னண்ணே, போன்கூட பண்ணல?” என்று எழுந்தான். நான் காரிலிருந்து சட்டத்தை எடுத்தேன். அதன் நீலத்தைப் பார்த்தவுடன் அவன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

சக்கரங்களை மாட்டியது அவன்தான். என்னைத் தொடக்கூட விடவில்லை. ஐம்பது ஆண்டு தொடாதவன், கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோலச் செய்தான். கியர் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தான். சீட் இரண்டு விரல் மேலே போகணும் என்று ஏற்றினான். உள்ளே இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டு, “இங்க வந்து பாரு, அந்த வெள்ளைக்காரன் கொடுத்தப்ப இப்படித்தான் இருந்துச்சு” என்றான். அவள் தேநீரோடு வந்தாள். ஒரு விரலில் தூக்கிக் காட்டினான்.

அப்போது நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்திருக்கலாம். இதை மறைக்க விரும்பவில்லை, அந்த எண்ணம் எனக்கு வந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் எங்கே போய்த் தேடினீர்கள் என்று கேட்டபோது, வாழ்க்கையில் அவன் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்த நேரம் வேறு இல்லை. பிறகு அவனே சொன்னான்.

“அந்தக் கெழவன் எத்தன வருஷம் இது மேல உக்காந்து ஊர் சுத்தினான். வெக்கமே இல்லாம.”

அப்பாவை அப்படிச் சொன்னான். அவன் மனைவி தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். கடையில் ராவியதிலிருந்து, இரண்டு பேரிடமும் சொன்ன இரண்டு பொய் வரைக்கும். பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன். பாதியில் அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் சைக்கிளைப் பார்த்தபடி கேட்டான்.

“அப்போ, அப்பா என்ன நெனச்சுக்கிட்டு இருந்தாரு?”

“நீ கொடுத்ததுன்னு.”

“எது வரைக்கும்?”

“கடைசி வரைக்கும். ஒரு தடவை உன்கிட்டச் சொல்லச் சொன்னார், சைக்கிள் நல்லா ஓடுதுன்னு. நான் சொல்லல.”

அவன் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனான். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம், சட்டையின் முன்பக்கம் எல்லாம் ஈரம். சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பின்சக்கரத்துக்கு மேலே கையை வைத்தான், அங்கே ஏதோ இருப்பதைப் போல.

“கேரியர் எங்க?”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

“அப்பா மருந்துப் பெட்டி கட்டுவாரே. அந்தக் கேரியர். டியூப்ல கட்டுவாரு.”

பழைய சாமான் லாரிக்குப் போட்டுவிட்டேன் என்றேன். பலகையும் டியூப்பும்கூடவா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பழைய ஹேண்டல், ஸ்டாண்டு என்று அப்பாவின் கை பட்ட ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன்.

“ரெண்டாவது தடவையும் என்னைக் கேக்கல நீங்க.”

அவன் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நான் திருத்தப் போன தவறையே மறுபடி செய்து, பாலிஷ் போட்டு, அவன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். முன்பு அவன் ஓட்டிய சைக்கிளை அவனைக் கேட்காமல் அழித்தேன். இப்போது அப்பா ஓட்டிய சைக்கிளை அவனைக் கேட்காமல் அழித்துவிட்டேன். இந்த இரண்டாவது சைக்கிள்தான் அவனுக்கு வேண்டியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு எது வேண்டும் என்று நான் எப்போதும் நானே முடிவு செய்துவந்தேன்.

இருட்டுவதற்குள் கிளம்புங்கள், ரோட்டில் செம்பனை லாரி வரும் என்றான். சைக்கிளை எடுத்துப்போகச் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் அதைத் தொடாமல் வந்துவிட்டேன். காரைத் திருப்பும்போது அவன் மறுபடி உட்கார்ந்து குச்சி சீவ ஆரம்பித்திருந்தான்.

இரண்டு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. நான் போன் செய்யவில்லை. செய்தால் மன்னிப்புக் கேட்பேன், அதுவும் எனக்காகத்தான் இருக்கும். தெப்ராக் கடைக்காரர் தம்பிக்குப் பிடித்ததா என்று கேட்டார். வேலையை ரொம்பப் பாராட்டினான் என்றேன். பொய் சொல்லவில்லை, முதல் அரை மணி நேரம் பாராட்டத்தான் செய்தான்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் தம்பியே கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

“ஆடி அமாவாசைக்கு என்ன செய்யணும்?”

தகப்பனை இழந்த பிள்ளைகள் தகப்பனுக்காக விரதமிருக்கும் நாள் அது. எங்கள் குடும்பங்களில் அதை விடமாட்டார்கள். தகப்பன் உயிரோடு இருப்பவன் மட்டும்தான் அன்று வழக்கம்போலச் சாப்பிடுவான். இருபத்தெட்டு ஆண்டும் நான் விரதமிருந்து, கடற்கரைக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்திருக்கிறேன். தம்பி ஒரு முறைகூடச் செய்ததில்லை.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான், பேனா உரசும் சத்தம் கேட்டது. அப்பாவின் அப்பா பெயரைக் கேட்டான், அவருடைய அப்பா பெயரையும் கேட்டான். ஐயர் கேட்பாராமே என்றான். படையலுக்கு என்ன காய் என்றான். யாழ்ப்பாணத்தில் வைக்கும் காத்தோட்டிக்காய் இங்கே கிடைப்பது கஷ்டம், அம்மா பாகற்காய் வைப்பார் என்றேன். அப்பாவுக்குப் பாகற்காய் பிடிக்குமா என்று கேட்டான். பிடிக்கும், பொரித்தால் பிடிக்கும் என்றேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் கொஞ்சம் தைரியம் வந்து, பத்து பஹாட் கடற்கரைக்கு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்றேன்.

“வேணாண்ணே. நீங்க வர வேணாம். உங்க ஊர்லயும் செய்ய வேணாம், இந்த வருஷம் நான் மட்டும் செய்யறேன்.” பேனாவை மூடும் சத்தம் கேட்டது. “அப்பாகிட்ட இனிமே நானே பேசிக்கிறேன்.”

சரி என்றேன். சைக்கிளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அமாவாசையன்று வழக்கம்போல இருட்டோடு விழித்துவிட்டேன். குளித்தேன். செய்ய எதுவும் இல்லை. வெளிச்சம் வந்ததும் நடந்துபோய், பெர்மாஸ் ஜெயா கடைவீதியில் நான் வாடிக்கையாகப் போகும் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்துத் திகைத்தார். இத்தனை ஆண்டில் இந்த நாளில் அவர் என்னை அங்கே பார்த்ததில்லை.

“இன்னிக்கு விரதம் இல்லீங்களா சார்?”

“தம்பி செய்யறான்” என்றேன்.

அவர் தோசையும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தார். அதே நேரம் அவன் தண்ணீரில் இறங்கியிருப்பான் என்று கணக்குப் போட்டேன். பசியில்லை. ஆனாலும் தட்டில் வைத்ததை மீதம் வைக்காமல் பசியாறிவிட்டு எழுந்தேன்.